லகுண்ட்ரி முனையலை: கடலடியின் வடிவும் அலையின் உடைவும்

சுமாத்ராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, நியாஸ் என்னும் தீவு அமைந்துள்ளது. இந்தோனேஷியக் குடியரசைச் சேர்ந்த இத்தீவின் தென்கோடியில் லகுண்ட்ரி என்ற சிறு விரிகுடா ஒன்று உண்டு. அவ்விரிகுடாவின் மேற்குப் புறத்தை அணைத்து நிற்கும் நிலமுனைக்குச் சொராக்கே என்று பெயர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களில், காற்றே இல்லாத நாட்களிற்கூட, தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வரிசை வரிசையாக இம்முனையை நோக்கி வருகின்றன. முனையை ஒட்டிக் கிடக்கும் பவளப்பாரின்மீது அவை ஏறும்போது, முகடு முழுவதும் ஒருங்கே சரிந்து விழுவதில்லை. முனையின் ஓரத்தில் உடைவு தொடங்குகிறது; பின்னர் முகட்டின் நெடுகப் படிப்படியாகப் பரவி, நூறு மீட்டருக்கு மேற்பட்ட தூரம் சென்று, விரிகுடாவின் நடுவிலுள்ள ஆழ்ந்த நீரில் ஓய்கின்றது. கரையை நோக்கி வருபவனுக்கு உடைவு வலப்புறமாக ஓடுவதால் அலைச்சறுக்கு வீரர்கள் இதனை 'வலக்கை அலை' என்பர்.

1975ஆம் ஆண்டில் பீட்டர் டிராய் முதலிய மூன்று ஆஸ்திரேலியர் இவ்விடத்தை அடைந்து பலகை ஏறிச் சறுக்கிய பின்னர், உலகெங்குமுள்ள அலைச்சறுக்கு வீரர்கள் இத்தீவை நாடி வரலாயினர். விளையாட்டுச் செய்தி என்ற அளவில் இது ஒரு விஞ்ஞான ஏட்டில் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில் இப்பவளப்பார் கடலிலிருந்து மேலே உயர்த்தப்பட்டது. அலை வரும் திசை மாறவில்லை. அதை எழுப்பும் புயல்கள் மாறவில்லை. முனையின் உருவமும் ஏறத்தாழ மாறவில்லை. மாறியது பாரின்மேல் நின்ற நீரின் ஆழம் ஒன்றே. ஆய்வுக்கூடத்தில் ஏனையவற்றை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது போல, இயற்கையே இங்கு ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டியது எனலாம். கடற்கரையிற் பணிபுரிவோரும், பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனைக் கவனித்தற்குரிய காரணம் இதுவே.

அலை பிறக்கும் இடம்

லகுண்ட்ரியில் உடையும் அலைகள் அங்கே பிறந்தவை அல்ல. தென் அகலாங்கு 40க்கும் 60க்கும் இடைப்பட்ட சமுத்திரப் பிரதேசத்தில், பெரிய நிலப்பரப்பு எதுவும் தடுக்காமையால், புயற்காற்று நாட்கணக்கில் ஒரே திசையில் வீச இடமுண்டு. அங்கு எழும் அலைகள் குறுகியனவும் நீண்டனவுமாகக் கலந்து, ஒழுங்கற்ற கொந்தளிப்பாக இருக்கும். புயற்பகுதியை விட்டு அவை வெளியேறும்போது தாமாகவே தரம் பிரிகின்றன. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் அலைக்காலத்தைச் சார்ந்தது. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் வரையிலான நேரமே அலைக்காலம். நீண்ட அலைக்காலம் உடையவை விரைந்து முன்னே செல்லும், குறுகியவை பின்தங்கும். இவ்வாறு தொலைவிலிருந்து ஒழுங்குபட்டு வரும் அலைகளை இக்கட்டுரையில் 'நெட்டலை' என்று குறிப்பிடுவோம்.

கணக்கு எளியது. அலைக்காலத்தை விநாடியில் எடுத்து அதன் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் ஆழ்கடல் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 16 விநாடி அலைக்காலமுள்ள நெட்டலைக்கு இது சுமார் 400 மீட்டர். முகட்டின் வேகம் விநாடிக்கு 25 மீட்டர். ஆனால் அலைக்கூட்டத்தின் ஆற்றல் இதில் பாதி வேகத்தில்தான் பயணம் செய்கிறது. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,080 கிலோமீட்டர். நியாஸ் தீவுக்குத் தெற்கே 5,500 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலை ஐந்து நாட்களுக்குப் பின் வந்து சேரும். அதே புயலில் தோன்றிய 20 விநாடி அலை நான்கே நாட்களில் வந்துவிடும். 14 விநாடி அலைக்கு ஏறத்தாழ ஆறு நாட்கள் ஆகும். கரையில் நிற்பவர் அலைக்காலம் நாளுக்கு நாள் குறைந்து வருவதை மட்டும் அளந்துகொண்டே, புயல் எவ்வளவு தொலைவில், எப்போது வீசியது என்பதைக் கணக்கிட்டு விடலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1963ஆம் ஆண்டில் வால்டர் மங்க் என்னும் கடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்து, சமோவா, பால்மைரா, ஹவாயி, அலாஸ்கா ஆகிய இடங்களில் கருவிகளை அமைத்து, தென்சமுத்திரப் புயல்களின் அலைகள் பசிபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து வட அமெரிக்கக் கரையை அடைவதைப் பின்தொடர்ந்து அளந்தனர். இத்தனை நெடிய பயணத்திலும் நெட்டலைகள் இழக்கும் ஆற்றல் வியக்கத்தக்க அளவு குறைவு என்பது அப்போது தெளிவாயிற்று.

முனையைச் சுற்றி வளைதல்

நீரின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் வரை, கடலடி எப்படி இருந்தாலும் அலைக்கு அதனால் பாதிப்பு இல்லை. 16 விநாடி அலை 200 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை 'உணரத்' தொடங்குகிறது. அதன்பின் அதன் வேகம் குறைகிறது, அலைநீளமும் குறைகிறது, ஆனால் அலைக்காலம் மாறுவதில்லை. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. எத்தனை முகடுகள் ஆழ்கடலிலிருந்து வந்தனவோ அத்தனை முகடுகளே கரையையும் அடைய வேண்டும். இடையில் ஒன்று கூடவோ குறையவோ வழியில்லை என்று விளக்கினால் ஐயம் நீங்கும்.

ஆழம் மிகக் குறைந்த நீரில் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தை மட்டும் சார்ந்து நிற்கும். 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர்; 4 மீட்டர் ஆழத்தில் 6 மீட்டருக்குச் சற்று அதிகம்; இரண்டரை மீட்டரில் 5 மீட்டர். ஒரே முகட்டின் ஒரு பகுதி பாரின்மீதும் மறுபகுதி விரிகுடாவின் ஆழத்திலும் இருக்குமாயின், பாரின்மேலுள்ள பகுதி பின்தங்கும்; ஆழத்திலுள்ள பகுதி முந்தும். எனவே முகடு வளைகிறது. கண்ணாடிக்குள் நுழையும் ஒளிக்கதிர் திசை மாறுவதற்குரிய அதே விதிதான் இங்கும் செயற்படுகிறது. அலைகளின் இவ்விலகலால், கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளில் அலையாற்றல் குவிகிறது. உள்வாங்கிய விரிகுடாக்களில் பரந்து மெலிகிறது. படகுகளைக் குடாவில் நிறுத்தும் மீனவர் வழக்கம் இவ்விதியை அறிந்தே ஏற்பட்டதெனத் தோன்றுகிறது.

பள்ளியில் இதனைக் காட்டப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு நீர் ஊற்றி, தட்டின் ஒரு பாதியில் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்கோணமாகக் கிடத்துக. கண்ணாடியின்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீர் மட்டுமே நிற்க வேண்டும். மறுமுனையில் அளவுகோலின் விளிம்பால் நீரை மெல்லத் தட்டினால், வெயிலில் அலையின் நிழல் தட்டின் அடியில் ஓடுவதும், கண்ணாடியின் விளிம்பில் அது முறிந்து திசை திரும்புவதும் நன்கு தெரியும். நீர் அதிகமாகிவிட்டால் விளைவு தெரியாது. இச்செய்முறை தவறிவிட்டதாகக் கருதப்படுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

உடைவின் வகைகள்

வேகம் குறையும்போது முகடுகள் ஒன்றையொன்று நெருங்கி உயர்கின்றன. அலையின் உயரம் அவ்விடத்து ஆழத்தில் ஐந்தில் நான்கு பங்கை, நுட்பமாகக் கூறின் 0.78 பங்கை, எட்டும்போது முகட்டிலுள்ள நீர் அலையையே முந்திச் சென்று கவிழ்கிறது. ஆகவே 2 மீட்டர் உயரமுள்ள அலை சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும். செங்குத்தான பார்களில் இவ்விகிதம் இன்னும் அதிகமாவதுண்டு; அதாவது அலை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஆழத்தில் உடையும்.

எங்கே உடையும் என்பதை ஆழம் தீர்மானிக்கிறது என்றால், எவ்வாறு உடையும் என்பதைக் கடலடியின் சரிவு தீர்மானிக்கிறது. இரிபாரென் என்ற ஸ்பானியப் பொறியியலறிஞரின் பெயரால் வழங்கும் எண் ஒன்று இதற்குப் பயன்படுகிறது. அலையுயரத்தை ஆழ்கடல் அலைநீளத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் கடலடியின் சரிவை வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். அரைக்குக் குறைவாயின் அலை உச்சியிலிருந்து நுரைத்து வழியும். அரைக்கும் 3.3க்கும் இடைப்படின், உச்சி முன்னோக்கி எறியப்பட்டுக் கவிழ்ந்து விழும். அதற்கு மேலாயின் உடையாமலே கரையின்மீது பொங்கியேறும். உயரம் 2 மீட்டர், அலைநீளம் 400 மீட்டர் எனக் கொண்டால், ஐம்பதுக்கு ஒன்று சரிந்த மணற்கடற்கரையில் இவ்வெண் 0.28, பத்துக்கு ஒன்று சரிந்த பவளப்பாரில் 1.4. கடலில் ஒரே நாளில் புறப்பட்ட ஒரே அலை, முன்னதில் நுரையாக வழிந்து தீரும். பின்னதில் குழல்போல் சுருண்டு கவிழும். அக்குழலின் உள்ளே ஒரு மனிதன் சில விநாடிகள் நின்று சறுக்கிச் செல்ல இடமிருக்கும். லகுண்ட்ரியின் புகழ் இக்குழலால் வந்தது.

தேர்ந்தோர்க்கு மட்டும் உரியது ஏன்?

இத்தகைய அலைகள் கைதேர்ந்தவர்க்கே ஏற்றவை என்று கூறப்படுவது வீரப்பேச்சன்று. அளவிட்டுக் கூறக்கூடிய உண்மையாகும். உடைவு நிகழும் இடம் முகட்டின் நெடுக நகர்ந்துகொண்டே செல்கிறதல்லவா? அவ்விடம் விட்டுச் செல்லும் நுரைத்தடத்திற்கும் முகட்டுக் கோட்டிற்கும் இடையேயுள்ள கோணத்தை உடைவுக் கோணம் எனலாம். அலையின் வேகத்தை இக்கோணத்தின் சைனால் வகுத்தால், சறுக்குபவர் உடைவுக்கு முன்னே தப்பிச் செல்வதற்கு வேண்டிய வேகம் கிடைக்கும். அலை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். உடைவுக் கோணம் 60 பாகையாயின் வேண்டிய வேகம் ஏறத்தாழ 7 மீட்டர். 45 பாகையாயின் எட்டரை மீட்டர். 30 பாகையாயின் 12 மீட்டர். நூறு மீட்டரைப் பத்து விநாடியில் ஓடும் உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரரும் இக்கடைசி வேகத்தைச் சராசரியாக எட்டுவதில்லை. கோணம் பூஜ்யமாயின் முகடு முழுவதும் ஒரே கணத்தில் விழும். அங்கு எவர்க்கும் வழியில்லை. 1970களில் ஹவாயியில் நடந்த அளவீடுகளும், பின்னர் நியூசிலாந்து ஆய்வாளர் செய்த வகைப்பாடும், 60 பாகைக்கு மேற்பட்ட கோணங்களே பயிலத் தொடங்குவோர்க்கு உரியன என்றும், 30 பாகைக்குச் சற்றுக் கீழே மிகத் தேர்ந்தவர்களுக்கும் எல்லை வந்துவிடுகிறது என்றும் காட்டுகின்றன.

வேகம் ஒன்று, ஆழமின்மை மற்றொன்று. மணற்கரையில் தவறி விழுபவர் மணலில் விழுகிறார். பவளப்பாரில் விழுபவர் கத்திமுனைகள் நிறைந்த பாறைக்கும், தம்மீது கவிழும் நீருக்கும் இடையே அகப்படுகிறார். 2 மீட்டர் நெட்டலை, ஆழ்கடலில் முகட்டின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் சுமார் 60 கிலோவாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. இதுவரை சில நூறு மீட்டர் நீளத்தில் பரவியிருந்த அந்த ஆற்றல் பாரின் விளிம்பில் சில மீட்டருக்குள் செலவாகிறது. ஆதலால் தேர்ந்தவர்கள் தலைகீழாகப் பாய்வதை அறவே தவிர்த்து, உடலைத் தட்டையாக விரித்து விழுகின்றனர். நீருக்குள் தலையைக் கைகளால் காத்துக்கொள்கின்றனர். பவளத்தால் ஏற்பட்ட சிறு கீறலும் வெப்பநாடுகளில் எளிதில் சீழ்ப்பிடிக்குமாகையால், உடனே தூய நீரால் நன்கு கழுவி, பவளத்துகள் எதுவும் உள்ளே தங்காதபடி நீக்குதல் அவசியம்.

அலைமீது ஏறுவதைவிட, ஏறுவதற்கு முன் செலவிடும் நேரமே தேர்ச்சிக்கு அடையாளம். லகுண்ட்ரியில் கரையோரப் பாரில் குறுகிய திறப்பு ஒன்று உண்டு. சாவித்துளை என்று பெயர் பெற்ற அத்திறப்பின் வழியே கடலுக்குட் சென்று, உடைவின் பக்கவாட்டிலுள்ள ஆழ்நீரில் பலகையின்மேல் அமர்ந்து காத்திருப்பர். கரையிலுள்ள மரம், வீடு, குன்று ஆகிய இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்துத் தாம் இருக்கும் இடத்தை நிலைப்படுத்திக் கொள்வர். நீருக்கடியிலுள்ள பாரினைக் கரை அடையாளங்களால் கண்டுகொள்ளும் இம்முறை குமரிக்கரை மீனவர்க்குப் புதிதன்று. அவர்கள் அதனைக் கணியம் பார்த்தல் என்பர்.

காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலைக்காலத்தில் சிறிதே வேறுபட்ட அலைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, ஒலியில் விம்மல் எழுவது போலவே, பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்து, பின் சில நிமிடங்கள் கடல் அடங்கியிருக்கும். இவ்விடைவேளை கண்டு ஏமாந்து பாரின் நடுவே நீந்திச் சென்றவர், அடுத்த கூட்டம் வரும்போது மிகவும் ஆபத்தான இடத்தில் இருப்பார். ஒரு கூட்டம் வந்து மறுகூட்டம் வரும் நேரத்தைக் கரையிலிருந்தே அரைமணி நேரமாவது பார்த்தறியாமல் நீரில் இறங்குவோரைத் தேர்ந்தவர் எனக் கூற இயலாது.

2005ஆம் ஆண்டுப் பூகம்பம்

இந்திய நிலத்தட்டு சுமாத்ராவின் அடியில் நுழையும் விளிம்பிற்கு அருகே நியாஸ் தீவு உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அவ்விளிம்பின் வடபகுதி பிளந்தது. அதன் விளைவாக எழுந்த சுனாமியைத் தமிழகக் கரையினர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மூன்று மாதங்களுக்குப் பின்னர், மார்ச் 28ஆம் நாள் இரவு பதினொரு மணி கடந்ததும், அதற்குத் தெற்கேயுள்ள பகுதி 8.6 அளவுள்ள பூகம்பத்துடன் பிளந்தது. குனுங்சிதோலி நகரமும் பல கிராமங்களும் இடிந்து, ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். அலைச்சறுக்குப் பயணிகளின் உடல்நலப் பணியாகத் தொடங்காமல், அவர்கள் சென்ற தீவுகளில் வாழும் மக்களின் நலத்திற்காகவே 2000ஆம் ஆண்டில் மருத்துவர் ஒருவரால் அமைக்கப்பட்ட சர்ஃப்எய்ட் என்னும் நிறுவனம் இத்தீவிலும் துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டது.

நிலம் எவ்வளவு உயர்ந்தது என்பதை விஞ்ஞானிகள் அறிந்த முறை சுவையானது. அங்கே கடலளவுக் கருவிகள் நிறைந்திருக்கவில்லை, பவளமே கருவியாயிற்று. சிலவகைப் பவளக் குன்றுகள் மிகத் தாழ்ந்த ஓதத்தின் மட்டம் வரையில்தான் மேல்நோக்கி வளரும். அதற்கு மேல் வெயில்பட்டு மாண்டுவிடும். பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து தட்டையான மேடைபோல் ஆகும். பூகம்பத்திற்குப் பின் அம்மேடைகள் நீருக்கு வெளியே எத்தனை உயரத்தில் நிற்கின்றன என்று அளந்தால் நிலத்தின் உயர்வு கிடைத்துவிடும். அமெரிக்க, இந்தோனேஷிய விஞ்ஞானிகள் கெர்ரி சீ என்பவர் தலைமையில் இவ்வாறு அளந்ததில், நியாஸ் தீவின் மேற்குக் கரை சிற்சில இடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் வரை உயர்ந்திருந்தமையும், தீவுக்கும் சுமாத்ராவுக்கும் இடைப்பட்ட பகுதி தாழ்ந்திருந்தமையும் புலனாயின. நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டில் இத்தகைய இருவகை மாற்றமும் நிகழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பார்கள் நீருக்கு மேலெழுந்து வெளுத்துக் காய்ந்தன. கிரேட் நிகோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கின் அடிப்பகுதியில் கடல் புகுந்தது.

லகுண்ட்ரியில் ஏற்பட்ட உயர்வு ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. நிலத்தில் அது ஒரு திண்ணையின் உயரம், எவரும் பொருட்படுத்தார். ஆனால் இரண்டு மூன்று மீட்டர் நீரே நின்ற பாரின்மீது அது பெரிய மாறுதலாகும். எடுத்துக்காட்டாக, பாரின் வெளிவிளிம்பில் முன்னர் 3 மீட்டர் ஆழம் இருந்து, 70 சென்டிமீட்டர் உயர்ந்ததாகக் கொள்வோம். முன்னர் அங்கு 2.3 மீட்டர் உயரமுள்ள அலையே உடைந்திருக்கும். இப்போது 1.8 மீட்டர் அலையே உடைந்துவிடும். அதாவது, முன்பு வெளிவிளிம்பைத் தொடாமற் கடந்து, உட்புறத்தில் சரிவு குறைந்த இடத்தில் மெதுவாக உடைந்த நடுத்தர அலைகள், இப்போது செங்குத்தான விளிம்பிலேயே கவிழ்கின்றன. பெரிய நெட்டலை வந்தால்தான் குழல் தோன்றும் என்றிருந்த நிலை மாறி, சிறிய நெட்டலையிலும் குழல் தோன்றுவதை அங்குச் சென்று பழகியவர்கள் கண்டனர். அலை முன்னினும் சிறப்புற்றது என்பது அவர்கள் கருத்து. முன்னினும் ஆழமற்றதாயிற்று என்பதும் அதே உண்மையின் மறுபுறமே.

அலைச்சறுக்கு வீரர்க்கு ஆதாயமாக வந்த இவ்வுயர்வு மீனவர்க்கு அவ்வாறு அமையவில்லை என்பதையும் கூற வேண்டும். மேற்குக் கரையில் பார்கள் வெளிப்பட்ட இடங்களில் உயிர்ப்பவளம் மாண்டது. படகு கரைசேர்ந்த துறைகள் வறண்டு கற்றரையாயின. கடற்கரை மாறிய பின் பழைய படத்தையும் பழைய பழக்கத்தையும் நம்பிச் செல்லும் படகோட்டி, பழைய ஆழத்தை நம்பிப் பாயும் சறுக்குநரைப் போலவே ஏமாறுவார்.

களத்தில் கவனிக்க வேண்டுவன

தென்சமுத்திர நெட்டலை நியாஸை மட்டும் தேடி வருவதன்று. அதே புயல்களின் அலைகள் வடமேற்காகவும் பயணம் செய்து இலங்கை, குமரிமுனை, கேரளக் கரைகளை வந்தடைகின்றன. வானம் தெளிந்து, உள்ளூர்க் காற்று அடங்கியிருக்கும் வேளையில், முன்னறிகுறி எதுவுமின்றிக் கடல் ஏறிவந்து கரையோர வீடுகளில் புகுவதைக் கேரள மீனவர் கள்ளக்கடல் என்று அழைத்தனர். இன்று அச்சொல்லையே விஞ்ஞானிகளும் வழங்குகின்றனர். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வகை அலைகளை நாட்கணக்கில் முன்னதாகவே அறிந்து எச்சரிக்கை விடுக்கிறது. ஐந்து நாள் பயணம் என்னும் மேற்கண்ட கணக்கு இதற்கு இடமளிக்கிறது. எனினும் எச்சரிக்கை கரையிலுள்ள கடைசி மனிதன் வரை சென்று சேர்ந்தால்தான் பயன். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பிலிருந்தபோதே, 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்தின் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். கடல் அடங்கியிருக்கும் சில நிமிட இடைவேளையை அமைதி என்று கருதுவது எவ்வளவு கொடிய பிழை என்பதை மாணவர்க்கு இந்நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கலாம்.

களப்பணியாளர் அலைக்காலத்தை அளக்கக் கைக்கடிகாரம் ஒன்றே போதும். அலை எட்டாத உயரத்தில், உடைவுக்கு வெளியே அசையாது மிதக்கும் ஒரு மிதவையையோ நங்கூரமிட்ட படகையோ குறியாகக் கொள்க. ஒரு முகடு அதனை உயர்த்தும் கணத்தில் எண்ணத் தொடங்கிப் பதினோராவது முகடு வரும் வரை நேரம் கணித்துப் பத்தால் வகுக்க வேண்டும். முதல் முகட்டை 'ஒன்று' என்று எண்ணுவதால், இடைவெளிகள் பத்தே என்பது நினைவிலிருக்கட்டும். இதை மூன்று முறை செய்து சராசரி எடுக்கலாம். உள்ளூர்க் காற்றலைகளின் அலைக்காலம் பொதுவாக ஐந்து முதல் எட்டு விநாடி வரை இருக்கும். அது பதினைந்தைத் தாண்டுமாயின், அலையின் உயரம் முழங்கால் அளவே இருந்தாலும், வந்திருப்பது தொலைதூர விருந்தாளி என்று அறிக. மையத்தின் அறிக்கையை உடனே பார்த்து, துறையிலுள்ளோர்க்குத் தெரிவிக்க வேண்டும்.

உடைவு நிகழும் இடத்தை ஒவ்வொரு முறையும் இரண்டு கரை அடையாளங்களால் குறித்து, அலையுயரத்தை ஆளுயரத்தோடு ஒப்பிட்டு எழுதிவைத்தால் அவ்விடத்தின் ஆழமும் கிடைத்துவிடும்: ஒன்றரை மீட்டர் அலை உடையும் இடத்தில் ஆழம் ஏறத்தாழ 2 மீட்டர். ஓதநேரத்தையும் உடன் எழுதாவிட்டால் இக்குறிப்புகளை ஒப்பிட இயலாது. மணற்கரைகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் இவ்வளவு வேறுபடுவது இயல்பே. பாறையும் பவளப்பாரும் உள்ள இடங்களில் ஓராண்டுக் குறிப்புக்கும் மறு ஆண்டுக் குறிப்புக்கும் நிலையான வேறுபாடு தென்பட்டால், அதனை நாள், நேரம், ஓதம் ஆகியவற்றுடன் மாவட்ட அலுவலகத்திற்கு எழுதி அனுப்புதல் வேண்டும்.